சொல்ல வந்ததை மறந்துவிட்டுப் போன அக்கா

அன்புத் தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில்தான் எழுத ஆரம்பித்தேன். நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை என்று தெரிந்ததும் இங்கே வந்துவிட்டேன். நாடக நடிகனாக இருந்துகொண்டே மாநகர் மன்ற உறுப்பினரும் ஆகிவிட்ட உனக்குத்தான் இது. உன் பெயரைப் போடவில்லை. பினாங்கில் தமிழ் நாடகம் பார்க்கிறவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று புரிந்துவிடும். புரியாதவர்கள் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாம் சந்தைக்குக் கெம்போங் மீன் வாங்கப் போயிருந்தேன். நீயும் வந்திருந்தாய். உன்னைச் சுற்றி இருந்த கூட்டத்தில் நீ என்னைக் கவனிக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எனக்கு முன்னால் ஒரு அக்கா நின்றாள். கையில் பச்சைப் பிளாஸ்டிக் பை, அதில் ரெண்டு கட்டு கங்கோங். பத்து நிமிஷம் பொறுமையாகக் காத்திருந்து உன் பக்கத்தில் வந்தாள். "வக்கீல் சார்!" என்று நாடகத்தில் நீ போடுகிற வேஷத்தைச் சொல்லிக் கூப்பிட்டாள். நீ சிரித்தாய். அவள் போனை நீயே வாங்கி, வெளிச்சம் முகத்தில் விழுகிற பக்கமாக அவளைத் திருப்பி நிறுத்தி, கையை நீட்டி ஒரு செல்பி எடுத்துக் கொடுத்தாய். ரொம்ப அழகாகச் செய்தாய். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

கோழிக்கடை வரைக்கும் நடந்தவள் சட்டென்று நின்றாள். "ஐயோ, லொங்காங் கால்வாய் விஷயத்தச் சொல்ல மறந்துட்டனே!" பக்கத்தில் நான்தான் இருந்தேன், அதனால் என்னிடம் சொன்னாள். ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். நீ காடியில் ஏறிவிட்டாய்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

நீ மாநகர் மன்ற உறுப்பினர் ஆனபோது பேஸ்புக்கில் என்னென்னவோ எழுதினார்கள். நடிகனுக்கு எதற்குப் பதவி, மேக்கப் போட்டுக்கொண்டா கூட்டத்துக்குப் போவான் என்றெல்லாம். நான் அந்தக் கட்சி இல்லை. நடிகன் பொதுவேலைக்கு வருவது நம் ஆட்களுக்குப் புதிதும் இல்லை. இலட்சிய நடிகர் எஸ்.எஸ்.ஆர். 1962-லேயே தேனியில் நின்று ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார். இந்தியாவில் தேர்தலில் ஜெயித்துச் சட்டமன்றம் போன முதல் நடிகர் அவர்தான். எம்.ஜி.ஆர். 1977 ஜூன் 30-ல் முதலமைச்சராகப் பதவி ஏற்றார். பாக்கி இருந்த படப்பிடிப்பை முடித்துவிட்டுத்தான் கோட்டைக்குப் போனார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கடைசிப் படம் 1978 பொங்கலுக்கு வந்தது. இங்கேயே மலாய்ப் பட நடிகர் ஜின்ஸ் ஷம்சுடினை எடுத்துக்கொள், 2004-ல் செனட்டர் ஆக்கினார்கள்.

இந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி முடிவெடுக்கிறார்கள். உதயநிதி 2022 டிசம்பரில் அமைச்சர் ஆனார், கையில் இருந்த படத்தை முடித்தார், 2023-ல் அது வெளிவந்ததோடு நடிப்புக்கு முழுக்குப் போட்டார். பவன் கல்யாண் 2024-ல் ஆந்திராவின் துணை முதலமைச்சர் ஆன பிறகும் 2025-ல் அவருக்கு ரெண்டு படம் வந்தது. கேரளாவின் சுரேஷ் கோபி மத்திய இணையமைச்சராக இருந்துகொண்டே, வருமானம் நின்றுபோய்விட்டது, மறுபடி நடிக்க ஆசையாக இருக்கிறது என்று மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். அவர் அரசியல் எனக்கு ஆகாது, ஆனால் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கவுன்சிலர் அலவன்சை மட்டும் நம்பி உன் வீட்டு உலை கொதிக்காது என்பது எனக்கும் தெரியும். நடிப்பை விடு என்று சொல்ல நான் யார்? முடிக்குச் சாயம் போடுவதையும் விடாதே, அது உன் தொழில்.

ஆனால் அவர்களுக்கும் உனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நான் மேலே சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓட்டு வாங்கிப் போனவர்கள். மக்களுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நம் ஊரில் கவுன்சிலருக்கு ஓட்டு கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1857-லேயே நகராட்சித் தேர்தல் நடந்த ஊர் இது. 1957-ல் ஜார்ஜ்டவுன் மாநகரம் ஆனபோது முதல் மேயராக உட்கார்ந்தது டி.எஸ். இராமநாதன், நம் தமிழர். ஸ்காட் ரோட்டுக்கு இப்போது அவர் பெயர்தான். 1965-ல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். 1976-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் அதற்கு ஒரேயடியாக மண்ணைப் போட்டு மூடிவிட்டது. அதிலிருந்து மாநில அரசு நியமிக்கிற ஆட்கள்தான், ஒரு மன்றத்துக்கு அதிகபட்சம் 24 பேர். அந்த 24 பேரில் நீ ஒருத்தன். உன்னை அனுப்பியதும் சந்தையில் நின்ற அக்கா இல்லை, திருப்பி அழைக்கவும் அவளால் முடியாது. அவளுக்குக் கிடைத்தது அந்தப் பத்து நிமிஷக் காத்திருப்பும் உன் முகமும்தான்.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். உனக்குப் பாதி தெரியும், மீதியை யாரிடமும் சொன்னதில்லை.

நான் வடக்கே ஒரு நகராண்மைக் கழகத்தில் லைசென்ஸ் பிரிவில் கிராணியாக இருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அப்போது ரேடியோ நாடகம், டிவி நாடகம் என்று சின்னச் சின்ன வேஷம் கிடைத்துக்கொண்டிருந்தது. அம்மா வேஷம், அண்ணி வேஷம், ஆஸ்பத்திரியில் அழுகிற வேஷம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ராத்திரி பஸ் ஏறி, விடியும்போது கோலாலம்பூர் புடுராயா பஸ் நிலையத்தில் இறங்கி, டாய்லெட்டிலேயே முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு ஷூட்டிங்குக்குப் போவேன். ஞாயிறு ராத்திரி பஸ்சில் திரும்பினால் திங்கட்கிழமை எட்டு மணிக்கு கவுண்டர்.

இதற்கெல்லாம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அரசாங்க ஊழியர் நடத்தை விதிகள் 1993-ல் வந்தபோது எங்கள் ஆபீசிலும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வெளிவேலை பார்த்துச் சம்பளம் வாங்குவதென்றால் இலாகா தலைவர் கையெழுத்து வேண்டும். ஆபீஸ் நேரத்தில் செய்யக்கூடாது, செய்கிற வேலைக்குக் கெடுதல் வரக்கூடாது, ஆபீஸ் விவகாரத்தோடு முட்டக்கூடாது. ஒவ்வொரு நாடகத்துக்கும் போராங் நிரப்பிக் கொடுப்பேன். எரிச்சலாக இருக்கும். "நடிக்கிறதுக்குக்கூட போராங்கா?" என்று கேட்டிருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை, தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது, ஒரு பாட்டியின் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. அப்பம் சுடுகிற ஒட்டுக்கடை, லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். டைபாய்டு ஊசி அட்டையின் நகல் மட்டும் சரியாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை கூப்பிட்டு வேறு நகல் கேட்கலாம் என்று ஃபைலை மேஜை லாச்சியில் வைத்தேன். அந்த வாரம் ஷூட்டிங் இழுத்துக்கொண்டது. கதாநாயகிக்குக் காய்ச்சல். போன் போட்டு லீவு சொல்லி, இன்னும் லீவு சொல்லி, ஒன்பது நாள் கழித்துத்தான் வந்து உட்கார்ந்தேன்.

அதற்குள் அமலாக்க லாரி வந்து பாட்டியின் தள்ளுவண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டது. லைசென்ஸ் காலாவதி. லாரியில் வந்தவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் கையில் இருந்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. பெயர் என் லாச்சியில் இருந்தது.

கவுண்டருக்கு வந்தாள். அப்பச்சட்டி ரெண்டும் வண்டியோடு போய்விட்டது, ஒன்று அவள் மாமியார் கொடுத்தது என்றாள். நான் தலை நிமிராமல் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். பழைய நாடகம் ஒன்று அந்த வாரம்தான் டிவியில் போட்டிருந்தார்கள். பாட்டி கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள். "டிவியில பாத்தேம்மா. நல்லா அழுதீங்க."

கிண்டல் இல்லை, தம்பி. மனசாரச் சொன்னாள். வெளியே போகும்போது, கூட வந்த பேரனிடம் "அந்தம்மாதான், டிவில வருமே" என்று கையைக் காட்டிக்கூட விட்டுப் போனாள்.

அன்றைக்கே நாடகத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னும் ஆறு வருஷம் நடித்தேன். வியாழக்கிழமை ராத்திரியே லாச்சியைக் காலி பண்ணிவிடுவேன், அவ்வளவுதான். லாச்சியில் ஃபைல் இருந்தால் பஸ் டிக்கெட் வாங்கமாட்டேன். அந்தப் போராங்கின் மேல் இருந்த எரிச்சலும் போய்விட்டது. யாரோ ஒருத்தர் கேள்வி கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததே எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று பிறகு புரிந்தது.

உனக்கு அந்தப் போராங் கிடையாது. நீ அரசாங்க ஊழியன் இல்லை, நியமன உறுப்பினர். கோலாலம்பூருக்குப் பத்து நாள் ஷூட்டிங் போனால் யாரும் உன்னிடம் அனுமதிக் கடிதம் கேட்கப் போவதில்லை. மாதக் கூட்டத்துக்கு வந்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். நீயும் அப்படி நினைத்துவிடாதே.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் சீக்கிரமே யோசித்து வை. 2008-ல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து கடைகளுக்கு முன்னால் இருக்கிற அந்த அஞ்சடி நடைபாதைகளுக்குக் கேமரா பஞ்சமில்லை. உனக்குச் சம்பளம் கொடுக்கிற படக் கம்பெனியே ஒரு நாள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டை ரெண்டு ராத்திரி மூட வேண்டும் என்று மன்றத்தில் மனு போடும். பண ஆதாயம் உள்ள விவகாரத்தில் உறுப்பினர் பேசவோ ஓட்டுப் போடவோ கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது தெரிந்த விஷயம். சட்டம் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. டைரக்டர் உனக்கு போன் பண்ணி, "சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு மினிட் புக்கில் இடம் கிடையாது. மார்க்கெட் ஸ்ட்ரீட் பூக்கடைக்காரருக்கோ ரெண்டு நாள் வியாபாரம் போய்விடும்.

பன்னிரண்டு வயதில் நவராத்திரிக்குக் கண்ணகி நாடகம் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பாண்டியன் வேஷம். மைலோ அட்டைப்பெட்டியில் நான்தான் கிரீடம் வெட்டினேன். கண்ணகி சிலம்பை உடைப்பதற்கு முன்னாலேயே நீ சிம்மாசனத்திலிருந்து விழுந்து செத்துவிட்டாய், கோயில் மண்டபமே சிரித்தது. அப்போது உனக்கு நான் சொல்லிக்கொடுத்த பாண்டியன் கெட்டவன் இல்லை. ஆடல் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ராணிக்குக் கோபம், தலைவலி என்று எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரத்துக்கு வேகமாக நடக்கிறான். வழியில் பொற்கொல்லன் வந்து நிற்கிறான். நடக்கிற நடையில் ஒரு உத்தரவு, அவ்வளவுதான் செய்தான். வில்லத்தனமாக முறைக்காதே, அவசரத்தில் இருக்கிற மாதிரி நடி என்று சொன்னேன். நீ முறைத்தாய். இப்போது திரும்ப நடித்தால் உனக்கு அந்த வேஷம் சரியாக வரும் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

சந்தைக்கு வா. செல்பியும் எடு, அதில் அவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் போனைக் கையில் வாங்குவதற்கு முன்னால் "என்ன விஷயம்க்கா?" என்று கேள். முதலில் விஷயம், பிறகு படம். படம் எடுத்து முடித்ததும் ஜனங்களுக்கு வந்த வேலை முடிந்த மாதிரி இருக்கும், நான் கண்ணால் பார்த்தேன். உன் பின்னால் வருகிற பையனிடம் எழுதச் சொல்லாதே, நீயே எழுது. அவன் போனில் எழுதுகிறேன் என்று வாட்ஸ்அப் பார்க்கிறான்.

மளிகைக்கடையில் கடன் எழுதுகிற 555 புத்தகம் ஒன்று வாங்கி உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். சட்டைப் பையில் அடங்கும். நீ அலட்சியமாக வைத்துவிடக்கூடாது என்று முதல் பக்கத்தை நானே எழுதிவிட்டேன்.

அந்த அக்காவின் போன் நம்பர் அதில் இருக்கிறது. அடுக்குமாடியின் பின்பக்கம், குப்பைத்தொட்டி ஓரமாகப் போகிற கால்வாய். ரெண்டு சிமெண்ட் மூடி உடைந்து கிடக்கிறது, மழை பெய்தால் மூடி இருக்கிற இடமே தெரியாது, அவள் பேத்தி அந்த வழியாகத்தான் பள்ளிக்கூட பஸ்சுக்குப் போகிறாள். நேற்று நான் போய்ப் பார்த்தேன். அது வளாகத்து எல்லைக்குள் வந்தால் அடுக்குமாடி நிர்வாகக் குழுவான ஜேஎம்பி பொறுப்பு, வெளியே வந்தால் மாநகர் மன்றம், பெரிய கால்வாயோடு சேர்கிற இடமாக இருந்தால் வடிகால் இலாகாவான ஜேபிஎஸ் என்று கைகாட்டுவார்கள். மூணு பேரும் மற்ற ரெண்டு பேரைக் காட்டுவார்கள். நீ நேரில் போய் நின்று, வரைபடத்தை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

காலையில் போகாதே. அவள் கேண்டீனில் வேலை செய்கிறாள், மத்தியானம் மூணு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பாள்.

அன்புடன்,
உன் நாடக அக்கா