வீக்கம் வடியும் என்கின்றன அழகு சிகிச்சை கிளினிக்குகள். எந்த வீக்கம், எத்தனை மணி நேரத்துக்குள்?

பெங்களூரு நகர மாவட்டத் தனியார் மருத்துவ நிறுவனப் பதிவு மற்றும் குறைதீர் ஆணையத்தின் தலைவரான மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் பெங்களூரு மருத்துவமனைகளின் ஆபரேஷன் தியேட்டரிலும் வார்டிலும் வேலை பார்க்கும் தமிழ்ச் செவிலியர்கள், மயக்க மருந்துத் தொழில்நுட்பர்கள், கேஸ் ஷீட் படிப்பதையே பிழைப்பாகக் கொண்ட சில வழக்கறிஞர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கொழுப்பு உறிஞ்சல், முடி நடுதல், மூக்கு திருத்தம், முகத்தில் பள்ளத்தை நிரப்பும் ஊசியான ஃபில்லர், லேசர் என்று எதைச் செய்தாலும், வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளி படிக்கும் மொழியில் ஒரு தாள் கொடுத்தாக வேண்டும் என்று கிளினிக்குகளுக்கு உத்தரவிடுங்கள். அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதவே இந்த மடல்.

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருந்து போகிறவர்கள், ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் எல்லோருக்கும் கிளினிக் தரும் பதில் ஒன்றுதான்: "பயப்படாதீங்க, இது சைடு எஃபெக்ட், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்." பல நேரம் அது உண்மையும்கூட. கொழுப்பு எடுத்த இடம் கன்றிப்போய் 2, 3 வாரம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும்; மரத்துப்போன தோலுக்கு உணர்ச்சி திரும்ப மாதங்கள் பிடிக்கும். மூக்கு நுனியின் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். முடி நட்ட 2 முதல் 8 வாரத்துக்குள் நட்ட முடியே கொத்தாக உதிர்வதும் இயல்பு. வேர் உள்ளேதான் இருக்கிறது. முகச் சுருக்கத்துக்குப் போட்டாக்ஸ் ஊசி போட்டு இமை தொங்கினால் சில வாரத்தில் தானே சரியாகும். இவற்றை வைத்து வழக்குப் போட வருகிறவர்களை நாங்களே திருப்பி அனுப்புகிறோம். பலன் மனதுக்குப் பிடிக்கவில்லை என்பது அலட்சியம் ஆகாது. காயத்தில் கிருமி தொற்றியது, உள்ளே இரத்தம் கட்டியது என்பதும் தனியாக நின்றால் அலட்சியம் ஆகாது; திறமையான கையிலும் இவை நடக்கும். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: சிகிச்சை தோற்றது என்பதாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார்.

அப்படியானால் அலட்சியத்தை எங்கே தேடுவது? எங்கள் அனுபவத்தில் அது காயத்தில் தெரிவதைவிடக் கடிகாரத்திலும் காகிதத்திலும்தான் அதிகம் தெரிகிறது. ஆபத்து வரக்கூடும் என்று தெரிந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தார்கள், சொன்ன பிறகு எத்தனை மணி நேரத்தில் பார்த்தார்கள், பார்த்ததை எழுதினார்களா என்பதுதான் கேள்வி.

கொழுப்பு உறிஞ்சலை எடுத்துக்கொள்வோம். இந்த ஊரில் இதன் ஆபத்து தெரியாதவர்கள் இருக்க முடியாது. 2022 மே மாதம் 21 வயதுக் கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் இதே சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். கொழுப்பை இளக்க, உப்புநீரில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகேயினும் இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்து தோலுக்கடியில் லிட்டர் கணக்கில் ஏற்றுகிறார்கள். இந்த முறையில் லிக்னோகேயினுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட பாதுகாப்பான வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 35 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 2100 மில்லிகிராம். 2 சதவீத மருந்து 30 மில்லி குப்பியில் 600 மில்லிகிராம் இருக்கும். ஆக அவருக்கு மூன்றரைக் குப்பிதான் எல்லை. வயிறு, இடுப்பு, தொடை மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் 'பேக்கேஜ்' விற்ற கிளினிக், ஐந்தாவது குப்பியை உடைக்கும்போது யாராவது கணக்கு வைக்கிறார்களா? வைத்தால் அது ஓ.டி. நோட்ஸில், அதாவது ஆபரேஷன் தியேட்டர் குறிப்பில் இருக்கும். இல்லையென்றால், அந்த இல்லாமையே முதல் சாட்சி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இப்படி ஏற்றிய லிக்னோகேயின் இரத்தத்தில் உச்சத்துக்கு வருவது ஏறத்தாழ 8 முதல் 16 மணி நேரம் கழித்து. காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு ஆட்டோவில் அனுப்பி வைத்தால், உச்சம் வருவது இரவில், வீட்டுக் கட்டிலில். உதடு மரத்துப்போகும், வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பேச்சுக் குழறல், பிறகு தசை துடித்து வலிப்பு. குழறலைப் பார்க்கும் அம்மா, "மயக்க மருந்து இன்னும் தெளியல, தூங்கட்டும்" என்று விளக்கை அணைக்கிறார். அம்மா மீது தவறில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தும் இருக்கிறது: 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு, நரம்பு வழியாகக் கிலோவுக்கு 1.5 மில்லி, 60 கிலோவுக்கு முதல் தவணை 90 மில்லி. அது அலமாரியில் இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியதே தவறு.

உறிஞ்சி எடுப்பது 5 லிட்டரைத் தாண்டினால் பெரிய அளவு என்று கணக்கு. அன்றிரவு நோயாளி கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஏற்றிய நீர், குளுக்கோஸ் பாட்டில், வெளியே வந்த அளவு, சிறுநீர் அளவு ஆகிய நான்கும் ஒரே தாளில் எழுதப்படாவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும்வரை யாருக்கும் தெரியாது. முதல் 3 நாளில் மூச்சு வாங்கி, மனம் குழம்பி, மார்பிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால் கொழுப்புத் துணுக்கு நுரையீரலை அடைத்திருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டி. வயிறு கல்போல இறுகி வாந்தி எடுத்தால் கொழுப்பை உறிஞ்சும் குழாய் குடலைத் துளைத்திருக்கலாம். வெளியே தெரியும் சிவப்புக்குப் பொருந்தாத கொடும் வலியும் காய்ச்சலும் வந்து, தோல் ஊதா நிறமாகிக் கொப்புளம் கட்டினால் சதையை அரிக்கும் தொற்று. அதற்குக் கத்திதான் மருந்து, அதுவும் சில மணி நேரத்துக்குள். இவற்றில் எதற்கும் "பாராசிட்டமால் போடுங்க, நாளைக்கு போட்டோ அனுப்புங்க" என்ற வாட்ஸாப் பதில் சிகிச்சை ஆகாது. சிக்கல் வந்தது விதியாக இருக்கலாம். சொல்லியும் பார்க்காமல் விட்டதை விதி என்று சொல்ல முடியாது.

ஃபில்லரில் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடுகிறது. ஊசி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அப்போதே வெளிறும், பிறகு வலைபோல ஊதா கோடுகள் படரும், வலிக்கும். அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள்: 3 விநாடி கடந்தும் நிறம் திரும்பாவிட்டால் இரத்தம் போகவில்லை என்று எச்சரிக்கை கொள்ளலாம். சாதாரணக் கன்றல் அழுத்தினாலும் வெளிறாது. ஐஸ் வைக்கச் சொல்வது இங்கே கெடுதல். வெதுவெதுப்பான ஒத்தடமும், ஹயலூரோனிக் அமில ஃபில்லராக இருந்தால் அதைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் ஊசியும்தான் வழி. நூற்றுக்கணக்கான யூனிட், தேவைப்பட்டால் மணிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப. நெற்றிப்பொட்டிலும் மூக்கிலும் போடும்போது கண் பார்வையே போகலாம்; விழித்திரை தாங்குவது ஒன்று, ஒன்றரை மணி நேரம். நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி மின்டோ கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர அந்த நேரம் போதுமா என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே கரைக்கும் மருந்து, ஃபில்லர் போடும் அறையிலேயே இருக்க வேண்டும்.

லேசருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நம் மாநிறத் தோலுக்கு ஏற்ற அலைநீளமும் குறைந்த ஆற்றலும் வைக்காமல், சோதனைப் புள்ளி பார்க்காமல் சுட்டால் கட்டம் கட்டமாகத் தீக்காயம் வரும். அந்தக் கட்டங்களே கருவியின் முனை அளவைச் சொல்லிவிடும்.

முடி நடும் இடங்களில் கேட்க வேண்டிய கேள்வி: துளையிட்டது யார்? மருத்துவர் நெற்றியில் கோடு வரைந்துவிட்டுப் போக, மீதி எட்டு மணி நேரமும் டெக்னீஷியன் வேலை பார்க்கும் கடைகள் உண்டு. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிற்சிப் பட்டறையையோ யூட்யூபையோ பார்த்துக் கற்றது போதாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பின்னந்தலையில் முடியை நெருக்கி எடுத்து, அட்ரினலினையும் அளவுக்கு மீறி ஏற்றினால் அங்கே தோல் கறுத்துச் செத்துப்போகும். அதைப் 'பொருக்கு' என்று சமாளிப்பார்கள். பொருக்கு பத்து, பன்னிரண்டு நாளில் உதிர்ந்துவிடும். செத்த தோல் விரிந்து, ஓரம் கறுத்து, நாற்றமெடுக்கும்.

இனி காகிதம். அழகு சிகிச்சையில் அவசரம் என்பதே கிடையாது. இன்று செய்யாவிட்டால் உயிர் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒப்புதல் படிவத்தில் இங்கே சாக்குக்கு இடமில்லை. ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்லிப் பெறுவதே உண்மையான ஒப்புதல் என்றும், ஒன்றுக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது என்றும் 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூக்க ஊசி போட்ட பிறகு, தியேட்டர் வாசலில், ஆங்கிலத்தில் அச்சடித்த வெற்றுப் படிவத்தில் வாங்கும் கையெழுத்து எந்த வகை? படிவத்தில் நேரம் எழுதும் கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். மயக்க மருந்துத் தாளில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்டால் உண்மை தானே வெளியே வரும்.

பாதிக்கப்பட்டவர்கள் செய்ய வேண்டியதையும் அதே தாளின் பின்பக்கம் அச்சிடலாம். முதலில் வேறு மருத்துவமனைக்குப் போவது, வழக்கு பிறகு. ஆபரேஷன் தேதி, நேரம், போட்ட மருந்து ஆகியவற்றை அங்கே சொல்ல வேண்டும். வந்த நேரமும் நாடித்துடிப்பும் பதிந்த அவர்களின் முதல் குறிப்புதான் பின்னால் எடை மிகுந்த ஆவணமாகும். தினமும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுக்கலாம். வாட்ஸாப் உரையாடலை அழிக்காமல் மின்னஞ்சலுக்கு ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். கேஸ் ஷீட், ஓ.டி. நோட்ஸ், மயக்க மருந்துத் தாள், உள்ளே வைத்த பொருளின் ஸ்டிக்கர் எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேட்டு, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கொடுத்து அனுப்பினால் அது பாதி ஆவணம்கூட இல்லை.

பணத்தைத் திருப்பித் தருகிறோம், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் போடக் கூடாது. கோபத்தில் கிளினிக்கின் கண்ணாடியை உடைத்தால் வழக்கு உங்கள் மீது திரும்பும். இன்னொன்று, சொல்லக் கசப்பானது: இறப்பு நேர்ந்தால் பிரேதப் பரிசோதனை இல்லாமல் தகனம் செய்யக் கூடாது. 'உடலை அறுக்க வேண்டாம்' என்ற பாசத்தில் எடுத்துப்போன குடும்பங்களுக்கு, கொழுப்புத் துணுக்கா, மருந்து நஞ்சா, இரத்தக் கட்டியா என்று நிரூபிக்கக் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

எங்கே போவது என்பதிலும் குழப்பம். கிளினிக்கின் பதிவு, வசதி பற்றிய புகார் உங்கள் ஆணையத்துக்கு. மருத்துவரின் நடத்தை பற்றியது கர்நாடக மருத்துவ கவுன்சிலுக்கு. இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டுக்குள். செலுத்திய கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. 2019 சட்டப்படி மனுதாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கிருஷ்ணகிரிக்காரர் வாய்தாவுக்கு வாய்தா பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் எடுத்த எடுப்பில் மருத்துவரைக் கைது செய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். சார்பற்ற மருத்துவரின் கருத்தை வாங்கிய பிறகே மேலே போக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் கட்டளை.

ஆகவே நாங்கள் கேட்கும் தாளின் முன்பக்கத்தில் இவை வேண்டும்: அறுவை செய்தவர், மயக்க மருந்து கொடுத்தவர் இருவரின் பெயரும் கவுன்சில் பதிவு எண்ணும், நோயாளியின் எடை, லிக்னோகேயின், அட்ரினலின் மொத்த அளவு, ஏற்றியதும் எடுத்ததும் எத்தனை லிட்டர், எத்தனை நாள்வரை எது இயல்பு, எது வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பது, தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள எந்த மருத்துவமனையோடு ஏற்பாடு இருக்கிறது என்பது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் ஆறிலும் மாதிரியை ஆணையமே வெளியிடலாம். தமிழ் வரைவை எழுதித் தர நாங்கள் தயார், கூலி வேண்டாம்.

அடியில் ஒரு தொலைபேசி எண் வேண்டும், வரவேற்பு மேசையின் எண்ணாக அது இருக்கக் கூடாது. உங்கள் அதிகாரி பரிசோதனைக்குப் போகும் முன் இரவு 11 மணிக்கு அந்த எண்ணை ஒருமுறை அழைத்து, எடுப்பது மருத்துவரா என்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பெங்களூரு வாழ் தமிழ்ச் செவிலியர்கள், தொழில்நுட்பர்கள், வழக்கறிஞர்கள்

நகல்: கர்நாடக மருத்துவ கவுன்சில்