1818 காசில் ‘நகல்’ என்று அடிக்கச் சொல்லுங்கள்

நாணயக் கண்காட்சி நடத்தும் சங்கப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

எந்தக் காசைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818’. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஸ்டாலில் அனுமதிக்கிறீர்கள்.

போன மாதக் கண்காட்சியில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர், அதில் நான்கு வாங்கியிருக்கிறார். ஒன்று ஆறாயிரம். பேத்தியின் காலேஜ் பணம் அது. இரண்டு வருஷத்தில் லட்சக்கணக்கில் போகும் என்று ஸ்டால்காரர் சொல்ல, மஞ்சள் துணியில் முடிந்து பூஜை அறையில் வைத்துவிட்டார். ஃபீஸ் கட்ட நாள் நெருங்கியதும் என்னிடம் கொண்டுவந்தார். என்னிடமிருந்த 1808-ஆம் வருஷத்து ‘இருபது காசு’ நாணயத்தை எடுத்துக் காட்டினேன். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த செம்புக்காசு, ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. 1818-இல்தான் சென்னையே வராகன் என்ற பொற்காசை விட்டு ரூபாய்க்கு மாறியது, ஓரணா என்று தனி நாணயம் வந்ததெல்லாம் 1906 நாணயச் சட்டத்துக்கு அப்புறம்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாதி விலைக்காவது போகுமா தம்பி?” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

கற்பனைக் காசே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசைக்குச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், சேர்க்கட்டும். கோயில்களில் வழிபாட்டுக்காகச் செய்த, ராமர் உருவம் பொறித்த பழைய ராமடங்கா வில்லைகள் உண்டு, அது வேறு கதை. ஆனால் புதிதாக அடித்ததைப் புதிது என்று சொல்லித்தானே விற்க வேண்டும்? அமெரிக்காவில் போலியாகச் செய்யும் நாணயத்தின் மேலேயே ‘நகல்’ என்று பொறிக்க வேண்டும் என 1973-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் என்று ஊர் ஊராக ஏமாற்றுகிற கும்பலுக்கும் இதே மாதிரிக் காசுகள்தான் முதலீடு. எத்தனை பேர் கைதானாலும் அது நிற்கவில்லை, நாமும் பேசுவதில்லை. சரி, அதை போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் மண்டபத்துக்குள் நடப்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கேட்பது இதுதான். ‘நகல்’ என்று காசிலேயே பொறிக்காத எதையும் ஸ்டாலில் வைக்க விடாதீர்கள். அடுத்த கண்காட்சிக்கு ஸ்டால் ஒதுக்கும்போதே இதை நிபந்தனையாக எழுதி வாங்குங்கள். தயவுசெய்து இந்த முறையாவது செய்யுங்கள்.

அப்புறம், அந்தப் பெரியவரின் இருபத்துநாலாயிரத்தைத் திரும்ப வாங்கித் தர உதவுங்கள். ரசீது கொடுக்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் விலையையும் ஸ்டால் எண்ணையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.