நம் பள்ளிக்கூடத்து மதில் திருப்பணி: நிறைவுக் கணக்கும் விளக்கமும்

ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் வெளியூரிலிருந்து பணம் அனுப்பிய முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

நம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் சுற்றுச்சுவர் 410 அடியும் முடிந்து, கேட்டும் மாட்டியாகிவிட்டது. வரவு ரூ.8,61,550. செலவு ரூ.8,57,400. கழிப்பறைக் கதவு, குழாய் வேலைக்கு ரூ.12,000, வெள்ளையடிக்க ரூ.8,000 ஆனது. அவற்றில் யாருக்கும் கேள்வி இல்லை. கேள்வியெல்லாம் சுவரைப் பற்றித்தான். ரூ.6,80,000 என்று பேசிய சுவர் எப்படி ரூ.8,26,000 ஆனது, போட்ட காங்கிரீட்டை ஏன் உடைத்தீர்கள் என்று டீக்கடையிலும் சாவடியிலும் கேட்கிறார்கள். ஊர்ப்பணம், கேட்கத்தான் வேண்டும். பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

பழைய சுவர் ஏன் போனது என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகுதான் பள்ளிகளில் பழுதான கட்டடங்களைத் தேடித்தேடி இடித்தார்கள். தெற்குப் பக்கம் ஒரு முழம் சாய்ந்து நின்ற நம் சுவரும் அப்போதுதான் போனது. அது சாய்ந்ததற்குக் காரணம் கொத்து வேலை அல்ல, மண். நம்முடையது கரிசல். சித்திரையில் பிளக்கும், ஐப்பசியில் ஊறி உப்பும். மூன்றடியில் நிற்கிற அஸ்திவாரத்தை இந்த மண் வருஷா வருஷம் தூக்கித் தூக்கி இறக்கும்.

முதல் ஒப்பந்தக்காரர் மூன்றடி ஆழத்துக்குத்தான் அடிக்கணக்கு பேசியிருந்தார். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நாங்கள். ஆழத்தைப் பற்றி அன்றைக்கே கேட்காதது எங்கள் தவறு, அதை மறைக்கவில்லை. பதினான்கு குழி தோண்டி, ஆறு குழியில் காங்கிரீட் போட்டபிறகுதான் கட்டுமானப் பொறியாளராக இருக்கும் நம் முன்னாள் மாணவர் ஒருவர் லீவில் வந்தார். குழிக்குப் பக்கத்து வெடிப்பில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். தட்டாமல், தள்ளாமல் நாலடி இறங்கியது. சுற்றி நின்ற எங்கள் எல்லோருக்கும் அப்போதே புரிந்துவிட்டது.

ஐந்தரை அடியில் சுக்கான் என்கிற கெட்டித் தரை தட்டுகிறது, அதுவரை தோண்டுங்கள், கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் தருகிறோம் என்றோம். “காம்பவுண்டுச் சுவர்தானே, மாடி வீடா கட்டுறீங்க?” என்றார் அந்த ஒப்பந்தக்காரர். அப்புறம் ரூ.2,20,000 கூடுதலாகக் கேட்டார். மூன்று முறை பேசினோம். நாலாம் நாள் சென்டரிங் தகடுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். 47 நாள் வேலை நின்றது. அந்த நாட்களில் நாங்கள் கேட்ட பேச்சு கொஞ்சமில்லை.

முன்பணம் அவரிடம் ரூ.1,50,000 இருந்தது. அளந்து பார்த்ததில் செய்த வேலை ரூ.1,12,000. மீதி ரூ.38,000 சாவடியில் பேசித் திரும்பி வந்தது. இரண்டாவது மேஸ்திரி பழைய ரேட்டுக்கே வந்தார். அந்த ஆறு குழியை உடைக்கச் சொன்னது குழு. அதில் எங்களுக்குள்ளேயே இரண்டு பேருக்குச் சம்மதமில்லை. ஆனால் ஆறு தூண் மேலேயும் மற்ற தூண்கள் கீழேயும் நின்றால், சேருமிடத்தில் சுவர் கீறிவிடும். ஆழம், கம்பி, தூண்களை அடியில் இணைக்கும் பிளிந்த் பீம், உடைத்த நஷ்டம் எல்லாம் சேர்த்துக் கூடுதல் ரூ.1,46,000.

இது போக, தண்ணீர் லாரி 19 நடை, ரூ.11,400. குழுவில் இருக்கும் தாய்மார்களைப் பற்றி, பொம்பளைகளுக்குக் கட்டட வேலையில் என்ன தெரியும் என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும். தூண்களுக்குச் சாக்குச் சுற்றி, காலையிலும் சாயங்காலமும் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றியவர்கள் அந்தத் தாய்மார்கள்தான். ஒரு நாள்கூடச் சாக்கு காயவில்லை.

‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசே தருமே என்பது நியாயமான கேள்வி. ரோட்டோரப் பள்ளியில் சுவரில்லாமல் இன்னொரு வருஷம் ஓட்ட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அரசுப் பள்ளிக்கு ஊர் ஏன் கொடுக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. அந்த ஓட்டுக் கட்டடமே காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், நம் தாத்தாக்கள் கல்லும் மரமும் கொடுத்துக் கட்டியது.

கொடுத்தவர்கள்: 1996-இல் எட்டாம் வகுப்பு முடித்த செட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கும் நம் பிள்ளைகள், ராணுவத்தில் இருக்கும் இருவர், துபாயிலிருந்து நால்வர், ஒரு மாதப் பென்ஷனை அப்படியே கொடுத்த ஓய்வுபெற்ற டீச்சர், பால் சொசைட்டிக்காரர்கள், கீழத்தெரு மகளிர் குழு, மேலத்தெரு மகளிர் குழு, கிணற்றுத் தண்ணீர் தந்த வடக்குக் காட்டுக்காரர், கேட்டுக்குக் கூலி வாங்காத பட்டறைக்காரர். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் 63 பேர், ஆளுக்கு நூறு ரூபாய். அந்த ரூ.6,300 எல்லாம் பத்தும் இருபதுமாக, மருந்து வாசனையோடு வந்தது. எண்ணும்போது யாரும் பேசவில்லை. எல்லோர் பெயரும் தொகையும் பள்ளி வராந்தாவில் ஒட்டியிருக்கிறது. விடுபட்டிருந்தால் சொல்லுங்கள், சேர்க்கிறோம்.

கார்த்திகை மழை ஓய்ந்தபிறகு 42 தூணிலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். ஒன்றுகூட நூல் பிசகவில்லை. சித்திரையிலும் பார்ப்போம், யார் வேண்டுமானாலும் வரலாம்.

மீதி ரூ.4,150 குழுக் கணக்கில் இருக்கிறது. பில், அளவுப் புத்தகம், இரண்டு ஒப்பந்தங்கள் எல்லாம் தலைமையாசிரியர் அறை பீரோவில். பள்ளி நாட்களில் மாலை நான்கு மணிக்குமேல் வந்து பார்க்கலாம். கேட்டுச் சாவி ஒன்று அவரிடமும் மற்றொன்று சத்துணவு அமைப்பாளரிடமும் உள்ளது.

செயலாளர், மதில் திருப்பணிக் குழு