சனிக்கிழமை மட்டும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். முதல் தடவை அறிவுரை மாதிரி வந்தது, அடுத்த தடவை பாவமன்னிப்பு மாதிரி. நமக்குள் இரண்டுமே வேண்டாம்.

முதலில் வீட்டுச் செய்தி. மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் நரையை எண்ணிச் சொல்கிறாள். கஞ்சாவை விட்டு எனக்கு ஏழு மாதம் ஆகிறது.

"முழுசா விட வேண்டாம், சனிக்கிழமை மட்டும்னு வச்சுக்கப் போறேன்" என்று எழுதியிருக்கிறாய். முடியாது என்று சொல்ல மாட்டேன். அப்படியே காலம் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் எடுத்த பெரிய ஆய்வு ஒன்றில், ஒரு முறையாவது கஞ்சாவைத் தொட்டவர்களில் சுமார் 9 சதவீதம் பேர்தான் அதற்கு அடிமையானதாகத் தெரிந்தது. பதின்ம வயதில் ஆரம்பித்தவர்களிடம் அந்தக் கணக்கு கூடும். மொட்டை மாடியில் நாம் எந்த வயதில் ஆரம்பித்தோம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நானும் விதி போட்டவன்தான். ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் என்றேன். சீக்கிரம் இருட்டுகிறதே என்று ஒன்பது ஏழானது. அப்புறம், தனியாக இழுப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் ஃபோனில் நீ பேசிக்கொண்டிருந்தால் அதையும் துணையாகக் கணக்கு வைத்தேன். உனக்குத் தெரியாமலே எத்தனை ராத்திரி எனக்குத் துணையிருந்திருக்கிறாய் தெரியுமா! கடைசியில் உன் சனிக்கிழமைக்கும் வந்தேன். வெள்ளி இரவு பன்னிரண்டைத் தாண்டினால் சனிதானே? விதியைப் போட்டவன் தெளிவாக இருந்தவன். அதற்கு அர்த்தம் சொன்னவன் வேறு ஆள்.

குடித்தால் மறுநாள் தலைவலியாவது வந்து நிற்கும். இதில் அதுவும் கிடையாது. வேலைக்குப் போனேன், சம்பளம் வந்தது, யாரோடும் சண்டையில்லை. மகள் ஏதாவது சொல்ல வந்தால் "அப்புறம்?" என்று கேட்பதை மட்டும் நிறுத்தியிருந்தேன். அதுகூட அவள் சொல்லித்தான் தெரிந்தது.

விட்ட முதல் பத்து நாள் மோசம். பசி இல்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், சட்டை நனைய வியர்வை. அதைவிடக் கனவுகள்! கஞ்சா கனவுத் தூக்கத்தைக் குறைத்து வைத்திருக்குமாம். விட்டதும் பாக்கியெல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தது. ஒரே இரவில் மூன்று பரீட்சை எழுதினேன், மூன்றிலும் பேனா இல்லை.

டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். மூளைச் செல்களில் கஞ்சா போய் ஒட்டுகிற இடங்களை ஏற்பிகள் என்பார்களாம். அவற்றுக்காக நம் மூளையே ஒரு பொருளைத் தயாரிக்கிறது. 1992இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே அதற்கு அனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். தினமும் வெளியிலிருந்து கொட்டினால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் நேற்று போதுமாக இருந்தது இன்று போதவில்லை. நிறுத்தினால் ஏறத்தாழ நான்கு வாரத்தில் அவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

இன்னொன்று, சரக்கும் பழைய சரக்கு இல்லை. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. 1995இல் 4 சதவீதம் அளவுக்கு இருந்தது, 2014இல் 12 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. 'ரெண்டே இழுப்பு' என்று நீ எண்ணுவது எந்தக் காலத்து இழுப்பு?

சனிக்கிழமைத் திட்டத்தை விட மனமில்லை என்றால் ஒன்று செய். முதலில் ஒரு மாதம் சுத்தமாக நிறுத்து, அப்புறம் அந்தச் சனிக்கிழமையை ஆரம்பி. அந்த ஒரு மாதமே நடக்கவில்லை என்றால் ஒளிக்காமல் எனக்கு எழுது. திட்ட மாட்டேன். என் டாக்டரின் நம்பர் தருகிறேன், அவரும் திட்டுகிற ஆள் இல்லை.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா, நான்கு நாளாவது இருக்கிற மாதிரி வா. ஆனால் பையில் எதையும் வைத்துக்கொண்டு வராதே. நீ நீட்டினால் வேண்டாம் என்று சொல்வேனா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

என்றும் உன்,
பழைய கூட்டாளி