எலக்ட்ரான் பம்பரம்

கோபி,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டிவலிக்குத் தைலத்தையே நம்பிக் கொண்டிருக்காதே, டாக்டரிடம் காட்டு. இங்கே வாய்க்காலில் தண்ணீர் விட்டு நடவும் முடிந்தது.

சரி, சொல்ல வந்தது வேறு. 31 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எலக்ட்ரான் பம்பரம் மாதிரி தன்னைத்தானே சுற்றுகிறது என்று பாடம் நடத்தினேன் அல்லவா? கோவையில் எம்.எஸ்சி. படிக்கும் பேத்தி லீவுக்கு வந்தவள், "எவ்வளவு வேகத்துல சுத்துதுங்க அப்புச்சி?" என்று கேட்டுவிட்டாள்.

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எலக்ட்ரானின் நிறையும் கோண உந்தமும் (சுழலும் வேகம், நிறை, வடிவம் மூன்றும் சேர்ந்த அளவு) தெரிந்ததுதான். ஆரத்துக்குப் பழைய இயற்பியல் தரும் 2.8 ஃபெம்டோமீட்டரை (அணுவைவிட மிகமிகச் சிறிய அளவு) வைத்தோம். கெட்டி உருண்டை என்றால் அதன் விளிம்பு ஒளியைப்போல் 171 மடங்கு வேகத்தில் ஓட வேண்டும்! ஒளியை மிஞ்ச எதனாலும் முடியாதே. உன் மில்லில் நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றிய நூல் நூற்கும் கதிருக்கே மிரண்டவன் நான். உருண்டையைச் சிறிதாக்கினால் வேகம் இன்னும் ஏறுகிறது.

இந்தக் குறையை இயற்பியல் மேதை லாரன்ட்ஸ் 1925-லேயே சொல்லிவிட்டார். சுழற்சி (ஸ்பின்) யோசனையை எழுதிய ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் நெதர்லாந்தின் லெய்டனில் இருந்த இளவட்டங்கள். ஊலன்பெக் பதறிப்போய்க் கட்டுரையைத் திரும்பக் கேட்க, அவர்களுடைய பேராசிரியர் எரன்ஃபெஸ்ட் அதை எப்போதோ அனுப்பிவிட்டாராம். சின்ன வயசுதானே, ஒரு முட்டாள்தனம் செய்தால் பரவாயில்லை என்றாராம். அவர்களுக்கு முன்பே இதை யோசித்த குரோனிக் என்ற இளைஞர், பேர்பெற்ற இயற்பியலாளர் பவுலி மட்டம் தட்டியதால் எழுதாமலே விட்டார். அவரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

வேகத்தைவிட என்னை உறுத்தியது காந்தக் கணக்கு. உருண்டையில் ஒவ்வொரு துணுக்கும் தன் மின்னூட்டத்தையும் நிறையையும் சேர்த்தே சுமந்து சுற்றுகிறது. இரண்டும் ஒரே மாதிரி பரவியிருந்தால் தட்டோ, வளையமோ, எந்த வடிவமானாலும் ஜி மதிப்பு (சுழற்சிக்கு எவ்வளவு காந்தத்தன்மை வரும் என்று சொல்லும் எண்) 1தான். எலக்ட்ரானுக்கோ ஏறத்தாழ 2. பேத்தி மின்னூட்டத்தை மட்டும் மேல்தோலுக்குத் தள்ளிப் பார்த்தாள், 1.67 வரை ஏறியது. நிறையை இன்னும் உள்ளே அமுக்கினால் 2 வந்துவிடும்தான். ஆனால் அது விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது. பரீட்சையில் அப்படிச் செய்தவனுக்கு நான் மார்க் போட்டதில்லை.

1928-இல் டிராக் என்ற இயற்பியலாளர், சார்பியலையும் குவாண்டத்தையும் சேர்த்து ஒரு சமன்பாடு எழுதினார். அதில் உருண்டையும் இல்லை, விளிம்பும் இல்லை. கேட்காமலே 2 வந்து விழுந்தது.

"அப்புறம் எதுக்கு இன்னும் ஸ்பின்னுங்கறாங்க?" என்றாள். நம் ஊரில் மரத்தை வெட்டி எத்தனை வருஷமாச்சு, பஸ்ஸில் ஏறி ஆலமரத்து ஸ்டாப் என்றுதானே டிக்கெட் கேட்கிறோம் என்றேன். சிரித்தாள், ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? கதிர் சுற்றும் கதையை அவளுக்கு நீதான் சொல்ல வேண்டும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்