டெலூரியத்தை நிறுத்துப் பார்த்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தனிம வரிசை அட்டவணை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அந்த அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவுக்குத் தோள்கொடுத்த செக் வேதியியலாளர் போகுஸ்லாவ் பிரௌனரின் பெயரை அதில் எங்கும் காணோம். மெண்டலீவே தம் பாடநூலில், அட்டவணைக்கு வலுச்சேர்த்தவர்கள் என்று சிலருடைய படங்களைச் சேர்த்தபோது பிரௌனர் படத்தையும் வைத்திருந்தார்.

1855-இல் பிராக்கில் பிறந்தவர். ஹைடல்பர்க்கில் புன்சனிடமும் மான்செஸ்டரில் ராஸ்கோவிடமும் பயின்று, ஊர் திரும்பிப் பேராசிரியரானார். தனிமங்களை அணு எடையின் ஏறுவரிசையில் அடுக்கினால் குணங்கள் ஒழுங்காகத் திரும்ப வரும் என்பதே மெண்டலீவின் விதி. அதன்படி பெரிலியத்தின் அணு எடை 9 என்றார் அவர். ஸ்வீடனின் நில்சனும் பெட்டர்சனும் 13.8 என்றார்கள். அப்படியானால் அட்டவணையில் அதற்கு இடமே கிடையாது. இளைஞரான பிரௌனர் 9-தான் சரி என்று வாதாடினார். அப்புறம் அந்த ஸ்வீடன்காரர்களே ஆவி அடர்த்தியை அளந்து 9-ஐ ஒப்புக்கொண்டார்கள்.

என்னை உலுக்கியது டெலூரியம் விவகாரம். குணத்தில் அது செலினியத்தின் உறவு. ஆகவே அட்டவணையில் செலினியத்தின் பத்தியில், அயோடினுக்கு முன்னால் உட்கார வேண்டும். அயோடின் எடை 127 என்பதால் டெலூரியத்துக்கு 125 என்று போட்டுவைத்தார் மெண்டலீவ். அதைச் சோதித்துச் சொல்லப் பல ஆண்டுகள் உழைத்தார் பிரௌனர். லேசில் சுத்தமாகிற பொருளா அது! அதோடு புழங்குகிறவர்களின் மூச்சில் நாள்கணக்கில் பூண்டு நாற்றம் வேறு அடிக்கும். கடைசியில் வந்த விடை 127.6-ஐ ஒட்டியது. தான் உயிராய் நம்பிய விதிக்கு எதிரான எண். அதை மறைக்காமல் 1889-இல் அச்சிட்டார். டெலூரியம் ஒரு கலவையாக இருக்குமோ என்ற அவருடைய ஊகம் தவறிப்போனது, அளவு தவறவில்லை. இன்றைய மதிப்பும் 127.6-தான். எடையை விட்டு அணு எண்ணை, அதாவது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையை, பிடித்து வரிசைப்படுத்த வேண்டும் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி காட்டியதும் சிக்கல் தீர்ந்தது: டெலூரியம் 52, அயோடின் 53.

நியோடிமியத்துக்கும் சமாரியத்துக்கும் நடுவே ஒரு தனிமம் விடுபட்டிருக்கிறது என்று 1902-இல் சொன்னவரும் இவரே. 1945-இல் அமெரிக்காவின் ஓக்ரிட்ஜில் அணு உலை விளைபொருள்களிலிருந்து அதைப் பிரித்தார்கள். அதுதான் புரோமெத்தியம். பிரௌனர் 1935-லேயே காலமாகிவிட்டார்.

வகுப்பில் டெலூரியம்–அயோடின் ஜோடியை 'விதிவிலக்கு' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை மாணவர்கள் தெரிந்துகொள்ளும்படி, பிரௌனரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

– வேதியியல் ஆசிரியர் ஒருவர், கும்பகோணம்