முதலில் கால், பிறகு பந்து

அன்பு மகளுக்கு,

உன் குரல் பதிவைக் கேட்டேன். அங்கே மெல்பேர்னில் பேத்தியின் வலைப்பந்தாட்ட (நெட்போல்) அணிக்குப் பயிற்றுவிக்க ஆள் இல்லை என்றதும் நீ கையைத் தூக்கியிருக்கிறாய், முதல் மேட்சில் 14க்கு 1 என்று தோற்றும் விட்டீர்கள், இப்போது "ஏதாவது உத்தி சொல்லுங்க அம்மா" என்கிறாய். அப்பா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் நான் கூப்பிட்டபோதெல்லாம் மைதானத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் நீதானே!

உத்தி வேண்டாம் மகள். ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அதற்கான காலம் இன்னும் வரவில்லை. நீ அனுப்பிய அந்தச் சின்ன வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உங்கள் பிள்ளைகள் பந்தைப் பிடிக்கிறார்கள், பிடித்த கையோடு இரண்டு எட்டு வைக்கிறார்கள், நடுவர் விசில் ஊதுகிறார், பந்து மற்றப் பக்கம் போகிறது. நீங்கள் தோற்றது அங்கேதான்.

கூடைப்பந்து மாதிரிப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட இதில் வழியில்லை. பிடித்தபோது எந்தக் கால் முதலில் நிலத்தில் பட்டதோ, அதைத் தூக்கினால் திரும்ப ஊன்றுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 3 விநாடிதான் அவகாசம். ஆகவே இறங்குகிற கால் தடுமாறினால் அதற்குப் பிறகு செய்கிற எல்லாமே தடுமாறும். நான் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதலில் பந்தைக் காட்டுவதே இல்லை. ஓடு, விசில் ஊதினால் துள்ளி இரண்டு காலிலும் இறங்கு, முழங்காலை மடக்கு, சத்தம் வரக்கூடாது. அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு முதலில் சலிப்பாக இருக்கும். யார் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் இறங்குகிறாள் என்று போட்டி வைத்தால் சலிப்பு ஓடிவிடும். அது சரியாக வந்த பிறகு பந்தோடு. அதற்குப் பிறகு ஊன்றிய காலில் சுழன்று, மற்றப் பக்கம் யார் நிற்கிறாள் என்று பார்ப்பது.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. ஓடிவந்து சட்டென்று நிற்கிற விளையாட்டு இது, முழங்கால் தசைநார் அறுந்துபோகும் காயம் இதில் அதிகம். எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு மணலில் இறங்குகிறார்கள். உங்களுடையது தார் போட்ட கோர்ட். அதனால் எங்களை விட உனக்குத்தான் இந்தப் பயிற்சி அவசியம். சப்பாத்தையும் பார். பழைய ஓட்டச் சப்பாத்தோடு வருகிற பிள்ளையின் தாயிடம் தனியாகச் சொல், எல்லார் முன்னாலும் சொல்லாதே.

அப்புறம் ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், ஒரு நேரத்தில் ஒரேயொரு விஷயம். போன தவணையில் ஒரு பிள்ளை வந்தாள். பந்து முகத்துக்கு நேரே வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். "பயப்படாதே" என்று சொல்லிப் பயம் போகாது. எட்டித் தொடுகிற தூரத்தில் நின்று மெதுவாகப் போட்டோம். தொடர்ந்து ஐந்து பிடித்தால் ஒரு எட்டுப் பின்னால் போகலாம், விட்டால் பழைய இடத்துக்கே வரவேண்டும். எத்தனை எட்டுப் பின்னால் போனாள் என்று அவளே கொப்பியில் எழுதினாள். எழுதத் தொடங்கிய பிறகு பயிற்சி இல்லாத நாளிலும் தங்கச்சியைப் பிடித்துப் பந்து போடச் சொல்லியிருக்கிறாள். தவணை முடிவில் எதிரணி எறிந்த பந்தைக் குறுக்கே பாய்ந்து பிடித்தாள். அந்த மேட்சிலும் தோற்றோம், பரவாயில்லை.

எங்கள் கஷ்டம் வேறு மாதிரி. கச்சான் என்கிற சுடுகாற்று வீசுகிற மாதங்களில் நாலு மணிக்கு முன் மைதானத்தில் கால் வைக்க முடியாது, மாரியில் அதே மைதானம் குளம். அந்த நாட்களில் வகுப்பறைச் சுவரில் எறிந்து எறிந்து பிடிப்போம். சனி ஞாயிறு ரியூசன். தாய் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அம்மம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டும், அது மாகாண மட்டத்துக்குப் போவதை விடப் பெரிய வேலை. இப்போது ஒரு அம்மம்மா குடையோடு வந்து கோட்டுக்கு வெளியே நின்று என்னை விடச் சத்தமாகக் கத்துகிறார். மெல்பேர்னிலும் ஓரத்தில் நின்று கத்துகிற பெற்றோர் இருப்பார்கள். அவர்களுக்குத் தோடம்பழம் வெட்டுகிற வேலையைக் கொடு, வாய் ஓயும்.

உங்கள் அணியில் உயரமான பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்றாய், அவளை வளையத்தடியில் நிறுத்தி எல்லாப் பந்தையும் அவளுக்கே போடலாமா என்று கேட்டாய். தர்ஜினி சிவலிங்கம் நினைவுக்கு வந்திருப்பார், சரிதானே? 2.08 மீற்றர் உயரம், 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணம் எடுத்த இலங்கை அணியில் கோல் போட்டவர். ஆனால் அந்தப் பந்து அவர் கைக்குப் போக, பின்னாலிருந்து சரியான இடத்துக்குச் சரியான உயரத்தில் எறிய ஆட்கள் இருந்தார்கள். உன் அணியில் அப்படி எறிய இன்னும் யாருமில்லை. அவளை ஒரே இடத்தில் நட்டுவைத்தால் நாலு மேட்ச் வெல்லலாம், அவள் ஓடப் பழகமாட்டாள், மற்ற ஆறு பேரும் எறியப் பழகமாட்டார்கள். இந்தப் பருவம் முழுக்க எல்லாரையும் எல்லா இடத்திலும் மாற்றி மாற்றி விடு. உயரமானவளை நடுவில் ஓடி விளையாடுகிற சென்டரிலும் விடு. சின்னவளைக் கோல் போடவும் விடு, அங்கே அந்த வயதுக்கு வளையத்தை 2.4 மீற்றருக்கு இறக்கிச் சின்னப் பந்துதானே தருகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு 3.05தான், எட்டிப் பார்க்கவே கழுத்து வலிக்கும்.

ஸ்கோரைப் பற்றி ஒன்று. கோல் யார் போட்டாலும், நடுவிலிருந்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குகிற சென்டர் பாஸ் இரண்டு அணிக்கும் மாறி மாறித்தான் வரும், உங்கள் சங்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வேறு விதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள். அப்படியானால் 15 கோல் விழுந்த அந்த ஆட்டத்தில் ஏழெட்டுத் தடவை பந்து உங்கள் கையில்தான் தொடங்கியிருக்கும். அதில் எத்தனை தடவை பந்து வளையத்தடியில் இருக்கிற கோல் வட்டம் வரை போனது? அதை எண்ணு. போன சனிக்கிழமை ஒன்று என்றால் இந்த சனிக்கிழமை இரண்டு வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல். இரண்டு வந்தால் 12க்கு 0 என்று தோற்றாலும் அவர்கள் துள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். எதிரணி எவ்வளவு கெட்டி என்பது உன் கையில் இல்லை, இது உன் கையில் இருக்கிறது.

பேத்தியை மற்றப் பிள்ளைகளை விடக் கூடக் கண்டிக்காதே, அது உனக்கு வரும், எனக்குத் தெரியும். காரில் வீடு திரும்பும்போது மேட்சைப் பற்றிப் பேசவும் வேண்டாம், அவளாகத் தொடங்கினால் பேசு.

அடுத்த கிழமை வீடியோ எடுப்பாய்தானே, முகத்தை விட்டுவிட்டுக் கால்களை எடுத்து அனுப்பு. யார் எந்தக் காலில் இறங்குகிறாள் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா
கல்லடி, மட்டக்களப்பு